இவ்விடம் க்ஷேமம்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர் முடியப்போகிறது. காயம் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கடிதத்தைப் பற்றி. இதைப் பேசக் கடலூர், சிதம்பரம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போர் முடிந்துவிட்ட செய்தி வந்து சேராத காரணத்தாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் அடிபட்டும் செத்தும் விழுந்த மண் இது.

1783ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, பிரான்சில் வெர்சாய் நகரில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரை நிறுத்துவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் காகிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கப்பலில் இங்கே வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஜூன் மாதம் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகை போட்டது. ஊருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இளமைத் துடிப்போடு வருகிற அதே புஸ்ஸி, இப்போது கிழவராகி, கீல்வாதத்தோடு கோட்டைக்குள் இருந்தார். ஜூன் 13ஆம் தேதி கேப்பர் மலைப் பக்கமாக, வண்டிப்பாளையம் ஓரத்தில் நடந்த சண்டையில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். 20ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரெனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். 25ஆம் தேதி விடியுமுன் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து பாய்ந்தார்கள். சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியோடு எதிர்நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் ஒன்று வந்தது. சமாதானமாம்! ஜனவரியிலேயே ஆகிவிட்டதாம்!

இந்த ஐந்து மாத இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர் காகிதத்தில் முடிகிற நாள் ஒன்று. அடிபட்டவன் உடம்பில் முடிகிற நாள் வேறு. அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் எழுதப்படுவதுதான் நான் சொல்லவந்த கடிதம்.

1783இல் காயம்பட்டுக் கிடந்தவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கர்னல் வில்க்ஸ் தம்முடைய தென்னிந்திய வரலாற்றில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஜூன் 25 சண்டையில் இளம் பிரெஞ்சு சார்ஜென்ட் ஒருவன் அடிபட்டு ஆங்கிலேயர் கையில் சிக்கினான். ஆங்கிலப் படையோடு ஜெர்மனியின் ஹனோவர் நாட்டுப் பட்டாளங்களும் வந்திருந்தன. அவற்றின் தலைவர் வாங்கன்ஹைம், பையனைப் பார்த்து இரக்கப்பட்டு, தம் கூடாரத்திலேயே வைத்துக் குணமாக்கினார். இருபது ஆண்டு கழித்து நெப்போலியனின் தளபதி ஒருவர் ஹனோவருக்குள் நுழைகிறார். வாங்கன்ஹைமைக் கூப்பிட்டு, கடலூரில் ஒரு சார்ஜென்டைக் காப்பாற்றினீர்களே, நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். அந்தச் சார்ஜென்ட் நான்தான் என்கிறார். அவர் பெர்னடாட், பிறகு ஸ்வீடன் நாட்டின் அரசரானவர்.

கதை அழகானது. ஆனால் பெர்னடாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை. அவர் சேர்ந்திருந்த பட்டாளம் இந்தியாவுக்கு வரவேயில்லை. அந்த மாதங்களில் அவர் பிரான்சில் தம் சொந்த ஊரான போ நகரில் லீவில் இருந்தார், அதுவும் நோயாளியாக. அவரும் உடம்பு தேறிக்கொண்டிருந்த சிப்பாய்தான். தேறிய இடம் மட்டும் அம்மா வீடு.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. வராத ஒருவருக்குக் கடலூரில் ஒரு காயமும் ஒரு கூடாரமும் ஒரு மருத்துவரும் கிடைத்துவிட்டார்கள். உண்மையாகவே அங்கே விழுந்த கறுப்பர் பட்டாளத்துச் சிப்பாய்களில் ஒருவன் பெயர்கூட நம் வாயில் வருவதில்லை. ஹனோவர் அதிகாரிகள் இந்தியாவைப் பற்றி எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. பிரெஞ்சு, ஆங்கில அதிகாரிகளின் காகிதங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. தமிழில் அப்போது எழுத்தே இல்லையா என்றால், இருந்தது. புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கூப்பிடு தூரத்தில் ஒருவர் தமிழில் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். சிப்பாய் எழுதியது மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு ஜூன் மாதத்தோடு போர் முடியவும் இல்லை. ஆங்கிலேயருக்கும் திப்புவுக்கும் நடந்த போர் 1784 மார்ச் 11ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கை வரைக்கும் இழுத்தது. இங்கே காயம் ஆறியவன் மறுபடி நடந்திருப்பான்.

சிதம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1781 ஜூன் 18 இரவு, இதோ இந்தக் கோயில் மதிலுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் வெளியே நின்று தாக்கினார். உள்ளே நுழைய முடியாமல் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். ஜூலை முதல் தேதி நடந்த பரங்கிப்பேட்டைச் சண்டையைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் காயத்தோடு கிடந்தவர்களைப் பற்றிப் பாடம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியப் படை என்று இன்று நாம் சொல்கிற அமைப்புக்கு விதை போட்ட இடமே தேவனாம்பட்டினம்தான். 1748 ஜனவரியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அங்கிருந்த செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கி, கம்பெனியின் காவல் ஆட்களைப் படையாகத் திரட்டத் தொடங்கினார். அந்தப் படையில் சேர்ந்தவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். நூறாண்டுக்கு மேல் அவர்களை வைத்தே நாடு பிடித்தார்கள். பிறகு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவர் இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அந்த முடிவு கொள்கையாயிற்று. மதராஸ் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1930களின் நடுவில் மிஞ்சியது பாலம் கட்டவும் சுரங்கம் வைக்கவும் தெரிந்த மதராஸ் சாப்பர்ஸ் மட்டும். 1939இல் மறுபடி உலகப் போர் வந்தது. லாயக்கில்லாதவர்கள் திடீரென்று லாயக்கானார்கள். 1941இல் மதராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் ஆளெடுத்தது சென்னை மாகாணத்தில்தான்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் நிறைய எழுதினார்கள். அதை அரசாங்கம் எதிர்பார்க்கவில்லை. காயம்பட்டவர்களை இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரண்மனையிலேயே கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அங்கிருந்தும் கட்டுக்கட்டாகக் கடிதம் போயிற்று. ஹவல் என்ற அதிகாரியின் தலைமையில் தணிக்கை அலுவலகம் வைத்தார்கள். அவர்கள் கடிதங்களைப் படித்து, முக்கியமானதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வாராவாரம் அறிக்கை அனுப்பினார்கள். சிப்பாய்களுக்கும் இது தெரியும். அதனால் கருமிளகு, செம்மிளகு என்று குழூஉக்குறியில் எழுதினார்கள். கருமிளகு இந்தியர், செம்மிளகு வெள்ளையர். எந்தச் சரக்கு தீர்ந்துபோகிறது, எது வந்துகொண்டிருக்கிறது என்று வியாபாரம் பேசுவதுபோல் ஊருக்குச் செய்தி சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த ஏக்கம் ஒன்றுதான்: காயம் ஆறினால் மறுபடி அகழிக்கு அனுப்பிவிடுகிறார்களே! ஒருமுறை அடிபட்டவனை வீட்டுக்கு விடவேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. குணமாவதே பயமாகிவிட்ட நிலை அது.

இந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். படித்தால் பெரும்பாலும் பஞ்சாபியர், பதான்கள், ராஜபுத்திரர். நம்மவர் குரலைத் தேடித்தான் எடுக்கவேண்டும். இத்தனைக்கும் சென்னை மாகாணத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சண்டைப் பிரிவில் சேர்ந்திருந்தார்கள். கூலிகளாகவும் வண்டிக்காரர்களாகவும் போனவர்கள் தனி. அவர்களில் மிகப் பலர் போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்கு. வெயிலும் வயிற்றுப்போக்கும் கொன்ற இடம் அது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சுவரில் பதித்த சலவைக்கல் பார்த்திருப்பீர்கள்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள். எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

1918 நவம்பர் 11ஆம் தேதி அந்தப் போர் முடிந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20ஆம் தேதி, புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைக் கடலூரில் கைது செய்தார்கள். 28ஆம் தேதி கடலூர்ச் சிறையிலிருந்து அவர் கவர்னர் பென்ட்லண்டுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பாரதி சிப்பாய் அல்லர். ஆனால் போர்க்காலம் முழுக்க அவரை வேவு பார்த்து, அவருக்கு வந்த தபாலைத் தடுத்து வைத்த அரசாங்கம், போர் முடிந்த பிறகும் அவரை விடவில்லை. அவரை விடுதலை செய்தது டிசம்பரில்தான். அந்தக் கடிதம் ஏன் நமக்குக் கிடைத்தது? கவர்னர் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பில் ஏறியதால். அந்த மாதங்களில் மெசபடோமியாவிலிருந்து இந்த மாவட்டத்துக் குடிசைகளுக்கு வந்த கார்டுகள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அந்தக் கார்டுகள் போய்ச் சேர்ந்த வீடுகளில் அதே பருவத்தில் இன்ஃப்ளுயென்சா புகுந்திருந்தது. நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். போர்முனையில் பிழைத்தவன் எழுதிய கடிதத்தை வாங்க வீட்டில் ஆள் இல்லாமல் போன காலம்.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். நம் தாத்தா பாட்டிகள் கண்ட போர் அது. கடிதங்கள் கிடைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒரு சிப்பாயை மனதில் கொள்வோம். பெயர் வேண்டாம். குறிஞ்சிப்பாடியில் தறி நெய்த குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தில் நூல் தட்டுப்பாடு வந்து தறி நின்றுவிட்டது. அல்லது புவனகிரிப் பக்கத்துக் கூலி விவசாயி. படையில் மூன்று வேளைச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தவன். சேர்ந்த சில மாதத்திலேயே உடம்பில் எடை கூடியவர்கள் அப்போது ஏராளம். ஊரில் எவ்வளவு பட்டினி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். 1945ஆம் ஆண்டு. மே 3ஆம் தேதி ரங்கூன் பிடிபட்டுவிட்டது. ஜப்பான் இன்னும் சரணடையவில்லை. போர் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. இவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

காயம் என்றதும் குண்டுக்காயம் என்று நினைத்துவிடக் கூடாது. பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார்: 1943இல் காயத்தோடு ஒருவனைப் பின்னால் அனுப்பினால், நோயோடு 120 பேரை அனுப்பவேண்டியிருந்தது. மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். மலேரியாவைத் தடுக்கும் மெப்பக்ரின் மாத்திரையைத் தினமும் வரிசையில் நிற்கவைத்து விழுங்கவைத்தார்கள். மாத்திரையைச் சாப்பிட்டவன் தோல் மஞ்சள் பூத்துவிடும். தன் ஆட்கள் மாத்திரை சாப்பிடுவதைக் கவனிக்காத அதிகாரிகளையே ஸ்லிம் பதவியிலிருந்து எடுத்தார். அதன் பிறகுதான் நோய் குறைந்தது. காலையோ கையையோ இழந்தவர்களுக்காக 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கினார்கள். ஆக நம் சிப்பாய் மலேரியாவில் தேறிக்கொண்டிருக்கலாம். காலுக்கு மரம் பொருத்த அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

அவன் கடிதம் எழுத உட்காருகிறான். மேலே பிள்ளையார் சுழி. அடுத்த வரி என்ன? உங்களுக்கெல்லாம் தெரியும். தாயார் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

இந்த மரபு வரியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சலில் நடுங்கி எழுந்தவன் எழுதும் முதல் வாக்கியம், நான் நலம். பழக்கத்தினால் கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேலும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அம்மா தனியாகப் படிக்கப்போவதில்லை. பெரும்பாலும் அவளுக்குப் படிக்கவே தெரியாது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அவருக்கு நேரமில்லையென்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார். அக்கம்பக்கம் கூடிவிடும். அதற்கு முன் படையில் அதிகாரி ஒருவர் பார்த்திருப்பார், தணிக்கை அலுவலகத்தில் மொழி தெரிந்த ஒருவர் பார்த்திருப்பார். இத்தனை கண்களைத் தாண்டி ஒரு மகன் தாயிடம் பேசவேண்டும். ஊர்ப்பெயர் எழுதக்கூடாது, பட்டாளத்தின் நடமாட்டம் எழுதக்கூடாது. எழுதத் தடையில்லாத விஷயத்தையும், அதாவது வலியையும், அவனே எழுதமாட்டான். திண்ணையில் அம்மா அழுவாள், ஊர் பார்க்கும். தந்தி என்றாலே ஒப்பாரி வைத்த காலம். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டைத் தொடவே பயந்த காலம். கறுப்பு மை இல்லாத ஒரு கார்டு, அதில் மகன் கையெழுத்து. அதுவே அம்மாவுக்குப் போதுமான செய்தி என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு என்ன எழுதியிருப்பான்? இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்த தணிக்கையாளர்கள் இரண்டாம் போரிலும் அறிக்கை எழுதினார்கள். மத்தியக் கிழக்கிலும் பர்மா முனையிலும் இருந்தவர்களின் கடிதங்கள் அவை. தியா குப்தா, ஸ்ரீநாத் ராகவன் போன்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த அறிக்கைகளில் சிப்பாயின் கவலை எதிரியைப் பற்றியது என்பதைவிட வீட்டைப் பற்றியதாகவே தெரிகிறது. அரிசி என்ன விலை? அனுப்பிய மணியார்டர் வந்ததா? நிலத்தில் பங்காளி கைவைத்தானா? தங்கைக்கு இடம் பார்த்தீர்களா? லீவு கேட்டிருக்கிறேன். வங்காளப் பஞ்சத்தின்போது வெளிநாட்டில் இருந்த சிப்பாய்கள், நாங்கள் இங்கே வயிறு நிறையச் சாப்பிடுகிறோம், எங்கள் வீட்டில் பட்டினி என்று துடித்தார்கள்.

நம் பக்கத்துக்கும் அந்தத் துடிப்பு அந்நியமில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த மாகாணம் இது. பங்கீட்டு முறை வந்தது, கடை வாசலில் வரிசை வந்தது. அரிசி வராமல் போன அதே பர்மாவில் மகன் காய்ச்சலோடு படுத்திருக்கிறான். இங்கே அம்மா கேழ்வரகுக்கும் கம்புக்கும் வழி தேடுகிறாள். இவன் நலம் என்று எழுதுகிறான். அவள் சார்பில் வாத்தியார் எழுதும் பதிலிலும் நலம் என்றே இருக்கும். ஒருவருக்கொருவர் மறைத்த பட்டினியையும் வலியையும் சுமந்துகொண்டு போயின அந்தத் தபால் மூட்டைகள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதப் படிக்கக் கொஞ்சமே வாய்த்தவர்கள், அத்தனை கண்களுக்கு நடுவே, அன்பைக் காட்டக் கண்டுபிடித்த வழி அது.

போர் முடியும் தறுவாயில் எழுதிய கடிதத்தில் மட்டும் புதிதாக ஒரு கவலை சேரும். எப்போது அனுப்புவார்கள்? அனுப்பிய பிறகு என்ன வேலை? சம்பளம் நின்றால் வீடு என்ன செய்யும்? போர் முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டவனே, முடிந்தால் மணியார்டர் நிற்குமே என்றும் பயந்தான்.

1945 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. நம் சிப்பாய் வீட்டுக்குப் போனானா? ஆஸ்பத்திரியில் குணமாகிப் பட்டாளத்துக்குத் திரும்பியவர்கள் பலருக்குப் புதிய உத்தரவு காத்திருந்தது. செப்டம்பரில் இருபதாவது இந்திய டிவிஷன் சைகோனில் இறங்கியது, பிரெஞ்சுக்காரர்களுக்கு வியட்நாமைத் திருப்பிக் கொடுக்க. அக்டோபரில் நாற்பத்தொன்பதாவது இந்திய பிரிகேட் ஜாவாவில் சுரபாயாவில் இறங்கியது. அங்கே இந்தோனேசிய விடுதலை வீரர்களோடு கடும் சண்டை. அக்டோபர் 30ஆம் தேதி அந்தப் பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் மாலபி கொல்லப்பட்டார். உலகம் வெற்றி கொண்டாடி முடித்த பிறகு, தன் விடுதலைக்கே காத்திருந்த ஒரு நாட்டின் பிள்ளைகள் இன்னொரு நாட்டின் விடுதலையை எதிர்த்துச் செத்தார்கள். நேரு இதைக் கடுமையாகக் கண்டித்தார். 1946 நவம்பரில்தான் இந்தியப் படை இந்தோனேசியாவை விட்டு முழுதாக வெளியேறியது. 1783இல் செய்தி வந்து சேராததால் நீண்ட போர், 1945இல் செய்தி நொடியில் வந்த பிறகும் நீண்டது. அதில் எனக்குள்ள ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை.

எதிர்ப்பக்கம் நின்ற நம்மவர்களும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். தென்னார்க்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் பலர். பர்மாவில் மேமியோ ஆஸ்பத்திரியில் ஜான்சி ராணிப் படைப் பெண்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அங்கே படுத்திருந்தவன் ஊருக்கு எழுத வழியே இல்லை. 1942 தொடங்கி மூன்றரை ஆண்டு மலேயாவுக்கும் இந்தியாவுக்கும் தபால் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக உறவினருக்குச் செய்தி அனுப்பும் படிவம் ஒன்று இருந்தது. அதில் 25 சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. அதுவும் எத்தனை பேருக்குக் கிட்டியது? ப. சிங்காரம் அந்தக் காலத்துத் தமிழர் வாழ்வைப் ‘புயலிலே ஒரு தோணி’யில் நாவலாக்கினார். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில் பர்மாவிலிருந்து ஓடிவந்த கூட்டத்தில் கிடைத்த குழந்தையாக ஹென்றியைப் படைத்தார். நாவலாசிரியர்கள் தங்கள் கடனைச் செய்துவிட்டார்கள். நாம் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்கிறேன்? தணிக்கை அறிக்கையில் இருப்பது ஆங்கிலம். சிப்பாய் தமிழில் எழுதியதில் நாலு வரியைத் தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டு, மூலக் கடிதத்தை உறையில் போட்டு அனுப்பிவிட்டார். அந்த நிழல் லண்டனில் குளிர்சாதன அறையில் இருக்கிறது. நிஜம் நம் வீட்டுக்கு வந்தது. தகரப் பெட்டியிலோ பரணிலோ இறவாணத்திலோ செருகி வைத்தார்கள். பென்ஷன் புத்தகத்தையும் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டையும் மெடலையும் பத்திரமாக வைத்த குடும்பங்கள், கடிதத்தை அப்படி வைக்கவில்லை. மெடலுக்கு மதிப்பு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். கடிதத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால் பழையன கழிக்கும்போது போகியில் போட்டவை எத்தனையோ. ஆள் இறந்ததும் அவர் காகிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று எரித்தவை எத்தனையோ.

காப்பாற்றி வைத்த கடிதங்களுக்கும் ஓர் உதாரணம் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் எழுத்தாளர் புதுமைப்பித்தன். பிழைப்புக்காகச் சென்னையில் இருந்துகொண்டு, ஊரில் இருந்த மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. கடைசியில் புனேயில் சினிமா வேலையாக இருந்தபோது காசநோய் முற்றி, திருவனந்தபுரம் வந்து 1948 ஜூனில் இறந்தார். அந்தக் கடிதங்களில் அவர் பேசுவதும் பணக்கஷ்டம், உடம்பு, பிரிவு, வீடு. ஒரு சிப்பாய் பேசியதும் இவற்றைத்தான். கமலா அம்மாள் அந்தக் கடிதங்களைக் காப்பாற்றி வைத்தார். அதனால் ஒரு மனிதனின் துன்பம் நமக்கு அவன் சொல்லிலேயே கிடைத்தது. பட்டாளத்துக்காரர் மனைவிகளும் அப்படித்தான் சேலை மடிப்பில் வைத்துக் காத்திருப்பார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்த நாம்தான் கேட்காமல் இருந்துவிட்டோம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். இந்த மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைய. உலகப் போர்க் கடிதம் இல்லாவிட்டாலும் 1962, 1965, 1971 போர்களில் வந்த கடிதங்கள், இலங்கைக்குப் போன அமைதிப்படையிலிருந்து வந்த கடிதங்கள் பல வீடுகளில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஊர், வீட்டில் எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வீட்டில் வயதான அம்மாக்கள் இருந்தால் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எழுத்தில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் வேண்டாம். நகலைச் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ சேர்க்க முடியுமா என்று கேட்போம். இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறும் தமிழும் படிக்கிற மாணவர்கள் ஆளுக்கொரு கிராமம் எடுத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் நிறையச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடிதத்துக்குள் ஊர்ப்பெயர் இருக்காது, தணிக்கை விட்டிருக்காது. ஆனால் உறையின் மேல் வட்ட முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் இருக்கும். பக்கத்தில் தணிக்கை முத்திரையும் இருக்கலாம். எந்த எண் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை ஆர்வலர்கள் பட்டியலே வெளியிட்டிருக்கிறார்கள். இவ்விடம் க்ஷேமம் என்று உங்கள் தாத்தா எழுதிய அந்த ‘இவ்விடம்’ இம்பாலா, ராஞ்சியா, பாக்தாதா என்பதை அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.